ஒரே மலைக்குத் திரும்பத் திரும்ப

வணக்கம், நேயர்களே.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைத்தெருவில் நின்று வடமேற்கே தலையைத் திருப்பினால் மலை நிற்கிறது. ஆனால் அதில் கால் வைத்தீர்களா என்று கேட்டால், பலரும் காரில் குவார் செம்படாக் பக்கம் போய், தார்ச்சாலை வழியாக மேலே ஏறி, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிய கதையைத்தான் சொல்கிறார்கள். நான் இன்று பேச வந்திருப்பது நடந்து ஏறுவதைப் பற்றி. அதுவும் கூட்டமாக ஏறுவது, ஏறிய இடத்தில் கொஞ்சம் வேலையும் செய்துவிட்டு வருவது பற்றி.

எங்களுடையது பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரான சுங்கை பட்டாணியின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், ஒரு தாதி, ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவர்கள் சிலர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனான நான். இவர்களோடு, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளியாக முன்பு இருந்த ஓர் அம்மா. நாங்கள் எல்லோரும் அவரை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பக்கத்துக் கடையில் பசியாறிவிட்டுக் கிளம்புவோம்.

ஆரம்பத்தில் ஆள் சேர்க்கப் போனபோது வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்விகள் சுவையானவை. ஒரு தாத்தா, "வாத்தியார் ஐயா, நாற்பது வருடம் இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் நடந்தேன். அதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நீங்கள் கையிலிருந்து காசு போட்டு நடக்கிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அவருடைய பேத்தி மட்டும் எங்களோடு வருகிறாள்.

தோட்டத்தில் காடு என்றால் வேலை, அல்லது பயம். பாம்பு, அட்டை, முனி, வழி தவறிப்போன மாடு. இந்த நாட்டின் காட்டை வெட்டிக் கித்தா என்னும் ரப்பர் மரம் நட்டவர்களில் நம் முன்னோரும் உண்டு. பிறகு கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டதையும் நாம் பார்த்தோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வரிசை வரிசையான லயத்து வீடுகளிலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, நம் பிள்ளைகள் மரத்துக்குப் பக்கத்தில் நிற்பதே குறைந்துவிட்டது. இருந்தும் மலையேற்றத்துக்கு வேண்டிய அறிவில் பாதி இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். கேட்கத்தான் ஆள் இல்லை.

காலணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் மலையேறிகள் பலர் இன்று விரும்பி அணிவது கறுப்பு ரப்பர் காலணி. "கம்போங் அடிடாஸ்" என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பால் வெட்டுகிறவர்களும் வயல் வேலைக்காரர்களும் காலங்காலமாகப் போட்டது அது. ஒரே வார்ப்பாகச் செய்த ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. சேற்றில் வழுக்காது, தண்ணீரில் நனைந்தால் கவிழ்த்து ஊற்றிவிட்டு நடக்கலாம். விலையுயர்ந்த வெளிநாட்டுக் காலணியின் அடிப்பாகம் ஈரத்தில் பிய்ந்து, கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் தம் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதைவிட முக்கியம் மழை பற்றிய அறிவு. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகிவிடும். வேலை இல்லையென்றால் கூலி குறையும். ஆகவே பால்வெட்டுக்காரர்களுக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு இல்லை, அடுப்பெரிகிற விஷயம். ஜெராய் உச்சியில் மேகம் எந்த நேரத்தில் உட்காருகிறது, காற்று கடல் பக்கத்திலிருந்து வருகிறதா என்பதைப் பெரியம்மா கவனிக்கிற கவனிப்பு எங்கள் கைப்பேசிச் செயலிகளுக்கு இல்லை. அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் நாங்கள் ஏறுவதில்லை. பசியாறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இளைஞர்களுக்கு முதலில் கோபம் வரும். வரட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 2021 ஆகஸ்ட் 18 அன்று நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். ஜெராய் மலையின் மேல் கொட்டிய கனமழையில் சரிவுகள் பெயர்ந்து, சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களும் ஆற்றோடு சேர்ந்து யான் பக்கத்துக் கிராமங்களில் இறங்கின. உயிர்கள் பறிபோயின, வீடுகள் சேதமாயின. மலாயில் "கெபாலா ஆயர்" என்கிறோமே, அந்தத் திடீர் நீர்ப்பெருக்கு கீழே வெயில் அடிக்கும்போதே வரக்கூடியது. மழை மேலே பெய்தால் போதும். நீர்வீழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், ஓடையின் இரைச்சல் மாறினால், செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் தேடாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரைமேல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். பாத்திரம் சுங்கை பட்டாணியில் விற்கிறது.

நடக்கும்போது எங்களிடம் இருக்கும் ஒழுங்கையும் சொல்கிறேன். மெதுவாக நடப்பவர்தான் வரிசையில் முன்னால். வேகமான பையன்கள் அவருக்குப் பின்னால். வழி நன்கு தெரிந்தவர் ஒருவர் கடைசியில். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, காலைக்கடன் கழிக்கப் போனவரும்கூட. பல குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. வேகமானவர்கள் முன்னால் பாய்ந்து, ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். பின்தங்கியவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டீர்களா, கிளம்பலாம்" என்று எழுந்து நடக்கிறார்கள். ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. காட்டில் ஆட்கள் காணாமல் போவதற்கு இந்த இடைவெளி போதும்.

அனுமதி விஷயமும் அப்படித்தான். நிரந்தர வனக் காப்பகங்களுக்குள் நுழைய 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சிலர் இதை வீண் தொல்லை என்கிறார்கள். நீங்கள் திரும்பி வரவில்லையென்றால், எந்தப் பாதையில் எத்தனை பேர் போனீர்கள் என்று தேடுகிறவர்களுக்குச் சொல்லப்போவது அந்தத் தாள்தான். ஜெராயின் உச்சி முனை இராணுவத்தின் வசம் இருப்பதால் அங்கே போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உச்சியைத் தொடாமல் எப்படி மலை ஏறியதாகும் என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு.

அவர்களோடுதான் எனக்குச் சண்டை. தீபகற்ப மலேசியாவில் ஏழாயிரம் அடிக்கு மேல் உள்ள ஏழு மலைகளை "ஜி செவன்" என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். தஹான், கொர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட். 2,187 மீட்டர் உயரமுள்ள தஹான்தான் எல்லாவற்றிலும் உயரம். ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஏறி, பெயர்ப்பலகையோடு படம் எடுத்து, பட்டியலில் கோடு போடுகிறார்கள். உடல் வலிமைக்கு அது நல்ல சவால், மறுக்கவில்லை. ஆனால் ஏழு மலைக்கும் ஒரே முறை போனவருக்கு எந்த மலையிலும் எது குறைந்திருக்கிறது என்று தெரிய வழியில்லை. போன வருடம் இந்த ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது? குடுவைத் தாவரங்கள் இருந்த சரிவில் இப்போது ஏன் தோண்டிய குழிகள் இருக்கின்றன? பூத்திருந்த ஆர்க்கிட்டை யார் பெயர்த்துக்கொண்டு போனார்? ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். காட்டைக் காப்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

பகாங் மாநிலத்தில் மெராப்போவுக்கு அருகே சுங்கை யூ என்ற இடத்தில் இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். தாமான் நெகாரா என்ற தேசியப் பூங்காவின் காட்டையும் தித்திவங்சா மலைத்தொடர்க் காட்டையும் இணைக்கும் குறுகலான வழி அது. புலிகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போக அந்த வழி தேவை. மலேசியப் புலிப் பாதுகாப்புக் கூட்டணியான மைகேட், 2010 முதல் பொதுமக்களை அங்கே நடக்க அழைத்துப் போகிறது. தொண்டர்கள் செய்வது பெரும்பாலும் நடப்பதுதான். வேட்டைக்காரன் ஆள் நடமாட்டமில்லாத இடத்தைத் தேடுகிறான். வாரக்கடைசிகளில் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தால் அவனுக்கு அங்கே நிம்மதி இல்லை. கம்பிக் கண்ணியோ கூடாரம் போட்ட தடமோ கண்ணில் பட்டால் அதிகாரிகளுக்குத் தகவல் போகிறது. நம் நாட்டுக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. தேசியச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற விலங்கின் நிலை இது.

நம் பக்கத்தில் புலி வேலை இல்லை. நமக்குக் கடலோர வேலை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கோத்தா கோல மூடாவைத் தாக்கியது. அதற்குப் பிறகு அலையாத்தி மரங்களைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 2005-லிருந்து அரசு கடற்கரைகளில் நடவுத் திட்டம் தொடங்கியது. நாங்களும் வனத்துறை காட்டிய இடத்தில், செமிலிங் படகுத்துறையிலிருந்து போய், மெர்போக் ஆற்றோரச் சேற்றில் கன்று நட்டிருக்கிறோம்.

பாக்காவ் என்ற அலையாத்தி மரத்தின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும் அந்த முளையைச் சேற்றில் குத்தி நிறுத்தினால் வேலை முடிந்தது. அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. பேருந்தில் வந்து இறங்கி, கன்றைவிடப் பெரிய பதாகையைப் பிடித்துக்கொண்டு, ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் குத்திவிட்டுப் போகிற கூட்டங்களைப் பார்க்கிறேன். வற்றுக்கடலில் மட்டும் வெளியே தெரியும் சேற்றுத் திட்டில் நட்டால் கன்று நாளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்து செத்துப்போகும். அந்தத் திட்டு தூர தேசத்திலிருந்து வரும் கரைப்பறவைகள் இரை தேடும் இடமாகவும் இருக்கும். மரம் நடுகிறேன் என்று அவற்றின் சாப்பாட்டுத் தட்டில் நாம் போய் நிற்கிறோம். சரியான இடத்தில் நட்டாலும் சிப்பி ஒட்டிக்கொண்டு தண்டு சாயும், நண்டு கடிக்கும், நெகிழிப் பை சுற்றிக்கொண்டு மூச்சு முட்டும். ஆகவே எங்கள் வேலையில் பெரும்பகுதி நட்ட இடத்துக்குத் திரும்பப் போய்ப் பை பொறுக்குவது. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. முழங்கால் வரை சேறு. வீட்டில் துணி துவைக்கிறவர்களின் ஏச்சு தனி.

சேறு காய்வதற்குள் கோல மூடா மீன் சந்தைக்குப் போய்விட வேண்டும். விலையைக் காதோடு காதாக ஓதி ஏலம் எடுக்கும் "பாசார் பீசிக்" அங்கேதான். நம் ஆட்கள் அங்கே போய் உரக்கப் பேரம் பேசி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.

இன்னொன்று. 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் இன்றைய கெடாவான கடாரத்துக்கு வந்ததை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். கடலில் வந்தவர்களுக்குக் கரையைக் காட்டியது இதே ஜெராய் மலைதான். அதன் தென்சரிவில் மெர்போக் அருகே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கற்கள் இருக்கின்றன, பக்கத்தில் ஓடை. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வாய்வில் பழைய இரும்பு உருக்காலைகள் வெளிப்பட்டன. உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அன்றைக்கே இந்த மலைக்காட்டின் மேல் மனிதனின் கை இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள், அந்த ஓடைக்கரையில் கிடக்கும் காலி பொட்டலங்களைக் குனிந்து எடுக்க ஒரு காலைப்பொழுது தரலாம். கோணிப்பை நாங்கள் கொண்டுவருகிறோம்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் முதல் நாள் தாங்களும் கூடவே வரலாம். பாதி வழியில் திரும்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நெஞ்சுவலி, ஆஸ்துமா, நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள், மருந்தைப் பையின் அடியில் புதைக்காமல் மேலே வையுங்கள். கால் புண் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் தண்ணீர் வழியாகப் புண்ணுக்குள் நுழையும். அட்டைக்கு உப்போ புகையிலைத் தண்ணீரோ உங்கள் பாட்டியிடம் கேட்டு வாருங்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஓர் ஊதல், மழைச்சட்டை, சோறு. சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கம்போங் அடிடாஸ் இல்லாதவர்கள் பீடோங் கடைத்தெருவிலேயே வாங்கலாம், ஓர் அளவு பெரிதாக. விடிவதற்கு முன் கிளம்புகிறோம், பிற்பகல் மழைக்கு முன் கீழே இறங்கிவிடுகிறோம். பெரியம்மா வானத்தைப் பார்த்து வேண்டாம் என்றால், அன்றைக்குப் பசியாறுதல் மட்டும்தான்.

வணக்கம்.