லட்சத்தீவுக்குக் கப்பலா, அந்தமான்ல ரூமா

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்ல உக்காந்துக்கினு கடலப் பத்தி பேசுங்கன்னு என்னைக் கூப்புட்டதே ஒரு தமாஷு தான். நம்ம ஊரப் பத்தி சொல்ற பழைய கிண்டல் எல்லாருக்கும் தெரியும், ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. சாமி 1981ல கோயிலுக்குள்ள திரும்பி வந்துட்டாரு, மத்த ரெண்டும் அப்படியே தான் கீது. அதனாலயோ என்னவோ நம்மாளுங்களுக்கு தண்ணின்னா ஒரு ஏக்கம், ஏப்ரல் வெயில் ஆரம்பிச்சா போதும், கடைக்கு வந்து "தீவு ஏதாச்சும் இருக்கா சார்"னு கேப்பாங்க.

எனக்கு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன டிராவல்ஸ் கடை, 22 வருஷமா. ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளக்காரங்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் குடுத்து தான் ஆரம்பிச்சேன், டூர் எல்லாம் பின்னாடி வந்தது. இப்போ வாரத்துக்கு ரெண்டு பேராவது ஒரே கேள்வி தான் கேக்குறாங்க, கப்பல்ல போனா நல்லதா, இல்ல தீவுல ரூம் எடுத்து தங்குறது நல்லதா. 2022 ஜூன்ல கோர்டிலியாங்கற கம்பெனியோட எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் சென்னையிலேர்ந்து கிளம்ப ஆரம்பிச்சதுல இருந்து கப்பல் ஆசை ஏறுச்சு, 2024 ஜனவரில பிரதமர் லட்சத்தீவு போய் போட்டோ போட்டதும் அந்த ஊரு மேல ஆசை ஏறுச்சு. கப்பல்ல போறது, தீவுல தங்குறது ரெண்டையும் நான் குடும்பத்தோட அனுபவிச்சுட்டேன், அதை வச்சு தான் பேசுறேன்.

முதல்ல கப்பல். லட்சத்தீவுல மொத்தம் 36 தீவு, ஆளுங்க இருக்குறது 10ல தான், எல்லாத்தையும் கூட்டினா 32 சதுர கிலோமீட்டர், நம்ம வேலூர் மாநகராட்சில பாதி கூட தேறாது. கொச்சியிலேர்ந்து கப்பல். காட்பாடில ராத்திரி ரயில் ஏறினா காலையில எர்ணாகுளம், அது வரைக்கும் நமக்கு சுலபம். லட்சத்தீவு சுற்றுலாத் துறையோட சமுத்திரம்ங்கற பேக்கேஜ் கவரத்தி, கல்பேனி, மினிக்காய்னு மூணு தீவு, அஞ்சு நாள், பகல்ல தீவு, ராத்திரி கப்பல்லயே தூக்கம். கேக்கவே நல்லா இருக்குதில்ல? பெட்டிய ஒரு தடவை பிரிச்சு வச்சா போதும், தூங்கி எந்திரிச்சா புது ஊரு வாசல்ல நிக்குது. நானும் அப்படி நெனச்சு தான் அந்த மாதிரி ஒரு கப்பல் டூர் போட்டேன், எங்க மாமியாரையும் கூட்டிக்கினு. குடியாத்தம் ஊரு அவங்களுக்கு, அப்போ 69 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். நடக்க வேணாம், உக்காந்த எடத்துலயே எல்லாம் கெடைக்கும்மான்னு நான் தான் சொல்லி கூட்டிக்கினு போனேன்.

அங்க தான் ஒரு விஷயத்துல ஏமாந்தேன். அந்த தீவுங்களைச் சுத்தி பவளப்பாறை வளையம் மாதிரி நிக்குது, உள்ள இருக்குற தண்ணிக்கு ஆழம் கம்மி, பெரிய கப்பல் கரைய ஒட்டிப் போக முடியாது. அதனால வெளிய ஆழத்துல நிறுத்திட்டு சின்ன போட்டுக்கு மாத்துறாங்க. கப்பல் பக்கவாட்டுல ஒரு கதவு தொறக்குது, கீழ போட்டு நிக்குது, நிக்குதுன்னா எங்க நிக்குது, அலைக்கு ஏறுது எறங்குது, ஒரு நிமிஷம் உங்க கால் மட்டத்துல இருக்கும், அடுத்த நிமிஷம் மூணடி கீழ போயிடும். அது மேல வர்ற நேரம் பாத்து காலை வைக்கணும். போட்டுல ரெண்டு பசங்க நின்னு "இப்போ, இப்போ"ன்னு மலையாளத்துல கத்தி கைய பிடிச்சு இழுத்துக்குறாங்க, அவங்க பழக்கத்துக்கு அது ஒண்ணுமே இல்ல. எங்க மாமியாரு கதவு கம்பிய பிடிச்சவங்க விடல. பின்னாடி முப்பது பேரு லைன்ல நிக்குறாங்க. "இன்னாங்க மாப்ள, நடக்கவே வேணாம்னீங்க, இப்ப கடல்ல குதிக்கச் சொல்றாங்க"ன்னாங்க. ஒருவழியா எறங்கினாங்க, ஆனா சாயங்காலம் திரும்ப அதே போட்டுலேர்ந்து கப்பலுக்கு ஏறணுமேங்கற பயத்துலயே கவரத்தில ஒரு எளநியக் கூட நிம்மதியா குடிக்கல.

அதனால வயசானவங்களுக்கு கப்பல் தான் வசதின்னு யாராச்சும் சொன்னா, கப்பல் ஜெட்டில கட்டுமா இல்ல போட்டுல மாத்துவாங்களான்னு மொதல்ல கேளுங்க. நான் இப்போ கடைக்கு வர்றவங்க கிட்ட காசு எவ்ளோன்னு கேக்குறதுக்கு முன்னாடி முட்டி எப்படின்னு தான் கேக்குறேன், சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

வாந்தி விஷயம் இருக்கே. எங்க வீட்டம்மாவுக்கு முதல் ராத்திரியே ஆரம்பிச்சுடுச்சு. காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு ஆடுதுன்னு சொல்லுது, கேபின் செவுத்தைப் பாத்துக்கினு இருக்குற கண்ணு ஆடலன்னு சொல்லுது, மூளை கொழம்பி வயித்தைக் கலக்கி விடுது. அதுக்கு வெளிய டெக்குக்கு வந்து கடலும் வானமும் சேர்ற கோட்டை பாத்துக்கினு நிக்கணும். கேபின் எடுக்கும்போது நடுவுல, கீழ் தளத்துல கேளுங்க, சீசா பலகைல நடுவுல உக்காந்தவன் கம்மியா ஆடுவான்ல, அதே கணக்கு தான். ஜன்னல் வேணும் பால்கனி வேணும்னு உச்சியில எடுத்தா காசும் ஜாஸ்தி, ஆட்டமும் ஜாஸ்தி. அவோமின் மாத்திரை வாந்தி வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, முன்னாடியே போடணும், தூக்கம் வரும், பிரஷர் சுகர் இருக்குறவங்க டாக்டர கேட்டுக்கோங்க. இஞ்சி மரப்பாவும் கையில இருக்கட்டும்.

அந்த டூர்ல கல்பேனிய நாங்க பாக்கவே இல்ல. காத்து கிளம்பிடுச்சு, அலை பெருசு, போட்டை எறக்கல, கப்பல் நேரா மினிக்காய் போயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, கடல் அது. ஆனா மூணு தீவுக்கு காசு கட்டி ரெண்டு பாத்தோம்ங்கற வருத்தம் இருக்கத்தானே செய்யும். மினிக்காய் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, மத்த தீவுல மலையாளம், அங்க மஹல்னு மாலத்தீவு பாஷை, 1885ல வெள்ளைக்காரன் கட்டின லைட்ஹவுஸ், ஊரெல்லாம் சூரை மீன் காயப்போடுற வாசனை. நான் லைட்ஹவுஸ் ஏறி எறங்கறதுக்குள்ள, போட்டு ரெடி, டைம் ஆச்சு, வாங்க வாங்கன்னு கூப்புட்டாங்க. சாயங்காலம் அந்த ஊரு எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கப்பல்ல எனக்கு இருக்குற பெரிய கொறை அது தான், நீங்க பாக்குற தீவு எப்பவும் வெயில் நேரத்து தீவு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஜனவரில அந்தமான். இதுலயும் கப்பல் உண்டு, சென்னையிலேர்ந்து சர்க்கார் கப்பல், மூணு நாள் கிட்ட ஆகும், ஆனா அது ஜனங்க ஊருக்குப் போறதுக்கான கப்பல், ஆட்டம் பாட்டம் நீச்சல் குளம்னு எதிர்பாத்து ஏறாதீங்க. நாங்க பிளைட்டு, சென்னையிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம், வேலூர்லேர்ந்து மீனம்பாக்கம் போறதுக்கே மூணு மணி நேரம் ஆச்சு. போர்ட் பிளேர், இப்போ பேரு ஸ்ரீ விஜய புரம், 2024ல மாத்திட்டாங்க. அங்கேர்ந்து படகு பிடிச்சு ஹேவ்லாக், அதுக்கு 2018லேர்ந்து ஸ்வராஜ் தீவுன்னு பேரு, அப்புறம் நீல், ஷாஹீத் தீவு. அந்த படகெல்லாம் ஜெட்டில ஒட்டி நிக்குது, மாமியாரு பலகை மேல நடந்து எறங்கிட்டாங்க, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. ஆட்டோக்காரரு தமிழ்ல பேசுறாரு, அந்த ஊர்ல தமிழாளுங்க அவ்ளோ பேரு.

நீல் தீவுல ரெண்டு ராத்திரி ஒரே ரூம்ல தங்கினோம். மொத நாள் மத்தியானம் போய் பாத்தப்போ சாதா கடல் தான், அலை கரைய தொட்டுக்கினு இருக்கு, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு மாமியாரு மொகத்துல தெரிஞ்சுது. மறுநாள் விடிகாலையில அவங்களே என்னை எழுப்பினாங்க. "மாப்ள, தண்ணிய காணோம்." ஓடிப்போய் பாத்தா நெசமாவே காணோம், கரையிலேர்ந்து அவ்ளோ தூரம் உள்ள போயிடுச்சு, நேத்து அலை அடிச்ச எடத்துல பாறை பாறையா, பாறைக்கு நடுவுல குழி குழியா தண்ணி, ஒவ்வொரு குழியிலயும் விரல் நீளத்துக்கு நீல மீனு, கருப்பா வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒண்ணு, தொட்டா சுருங்குற பூ மாதிரி ஒண்ணு. கடல் ஆறு மணி நேரத்துக்கு ஏறும், ஆறு மணி நேரத்துக்கு எறங்கும், தெனம் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி இந்த ஏத்த எறக்கம் ஜாஸ்தி. வங்காளிங்க ஹவுரா பிரிட்ஜுன்னு கூப்புடுற கல் பாலம் ஒண்ணு அந்த தீவுல இருக்கு, தண்ணி எறங்கின நேரத்துல தான் அதுக்கு அடியில நடந்து போக முடியும். நாலு மணி நேரம் வந்துட்டுப் போறவனுக்கு ஏத்தமோ எறக்கமோ ஏதாவது ஒண்ணு தான் கெடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம். பாலாறு வத்தினா வருஷக்கணக்குல வத்தியே கெடக்குற ஊருக்காரங்க நாங்க, காலையில வத்தி மத்தியானம் திரும்பி வர்ற தண்ணிய மாமியாரு ரெண்டு நாளும் உக்காந்து பாத்துக்கினே இருந்தாங்க.

பொழுது சீக்கிரம் சாயுது அங்க, அதையும் கணக்குல வச்சுக்கோங்க. கெழக்கே தள்ளி இருக்கு, ஆனா கடிகாரம் நம்ம கடிகாரம் தான், அதனால நம்ம ஊரை விட கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னாடி, ஜனவரில அஞ்சே காலுக்கெல்லாம் சூரியன் போயிடுது. ஹேவ்லாக்ல ராதாநகர் பீச்சுக்கு மூணு மணிக்கே போயிடுங்க.

கப்பல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை சொல்லலன்னா தப்பு. தீவுக்கு நல்ல தண்ணி கஷ்டம். கவரத்தில 2005ல சென்னையில இருக்குற என்.ஐ.ஓ.டி.ங்கற கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க ஒரு பிளான்ட் போட்டாங்க, மேல் மட்டத்து சூடான கடல் தண்ணிய காத்தழுத்தம் கம்மியான தொட்டில ஆவியாக்கி, ஆழத்துலேர்ந்து இழுத்த ஜில்லு தண்ணியால குளிர வச்சு குடிதண்ணி ஆக்குறது, ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர். 2019ல நம்ம ஜோலார்பேட்டையிலேர்ந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி அனுப்பினாங்களே, அது ஒரு ட்ரிப்புக்கே 25 லட்சம் லிட்டர். அப்போ அந்த தீவோட நெலமைய யோசிச்சுக்கோங்க. கப்பல்ல ராத்திரி தங்குறவன் குளிக்கிறது கப்பல் தண்ணில, தீவுல ரூம் எடுத்தவன் குளிக்கிறது அந்த ஊரு தண்ணில. நாள் முழுக்க ஷவரைத் தொறந்து விடுற ஆளுன்னா தயவு செஞ்சு கப்பல்லயே போங்க.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். பெரிய சொகுசுக் கப்பல்ல விளம்பரத்துல போடுற ரேட்டோட நிக்காது, போர்ட் சார்ஜ், வரி, டிப்ஸ், கூல்டிரிங்ஸ், கரையில சுத்திக் காட்டுறதுன்னு ஒவ்வொண்ணா ஏறும், மொத்தம் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. தங்குற டூர்ல பிளைட்டு டிக்கெட் தான் முழுங்கும், மூணு மாசம் முன்னாடி போட்டா தப்பிச்சீங்க. லட்சத்தீவுக்கு எதுல போனாலும் பர்மிட் வேணும், நம்ம நாடு தானேன்னு கெளம்பிடாதீங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல் முரண்டு பிடிக்கும், பள்ளிக்கூட லீவுன்னு மே கடைசில கேக்குறவங்கள ஏலகிரிக்கு தான் அனுப்புறேன்.

ஆக, வாரம் பத்து நாள் லீவு போட்டு, கூட பெரியவங்கள கூட்டிக்கினு போறீங்கன்னா என் ஓட்டு தங்குறதுக்கு தான், அதுவும் மூணு தீவு ஓடாம ஒண்ணோ ரெண்டோ. கடல் நடுவுல ராத்திரி எப்படி இருக்கும், நாலு பக்கமும் கரையே தெரியாம, நட்சத்திரம் எப்படி இருக்கும்னு ஆசை இருக்குற எளவட்டங்க கப்பல்ல போங்க, அது வேற எங்கயும் கெடைக்காது. அந்தமான்ல கடைசி ராத்திரிய மட்டும் போர்ட் பிளேர்லயே வச்சுக்கோங்க. காத்தடிச்சு படகு ஓடலன்னா பிளைட்டு போயிடும், எங்க கஸ்டமர் ஒருத்தர் அப்படி விட்டிருக்காரு.

அப்புறம் பவளக்கல்லு, சங்கு, எதையும் கடற்கரையிலேர்ந்து பொறுக்கிட்டு வராதீங்க, செத்த பவளமா இருந்தாலும் எடுக்கக் கூடாது, சட்டம். எங்க மாமியாரு கொலுவுல கடல் செட்டு போடறதுக்குன்னு வெள்ளையா ஒரு துண்டை டவலுக்குள்ள சுத்தி வச்சிருந்தாங்க, ஏர்போர்ட் ஸ்கேன்ல மாட்டி வெளிய எடுத்துட்டாங்க, எனக்கு மானமே போச்சு. அந்த வருஷ கொலுவுல நீல பேப்பருக்கு நடுவுல பாலாத்து கூழாங்கல்லு நாலு இருந்துச்சு.

வணக்கம்.