உரிமம் எழுதாத நிரல்

(நிரலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்ட மூன்று மாதம் ஓடியாடி உழைத்த செயலாளர் தம்பி அவர்களே, நன்றியுரை ஆற்றக் காத்திருக்கும் சகோதரி அவர்களே, வேலை முடித்த கையோடு மடிக்கணினிப் பையைத் தோளில் சுமந்தபடி வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் நான் மேலே போனால் அது நன்றி மறந்த செயல். இங்கே முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் அவரிடம் சி என்ற நிரல்மொழி படித்தவர்கள். நானும் படித்தேன். கணினி நினைவகத்தில் ஒரு தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி என்றால் என்ன என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டில் கடைசி வரிசை மாணவனின் இருக்கை எண்ணை எழுதி என் கையில் கொடுத்தார். "இது அவனா, அவன் இருக்கும் இடமா?" என்று கேட்டார். பிறகு, "சீட்டைக் கிழி. அவன் எழுந்து போய்விட்டானா பார்" என்றார். அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை. அம்மா, உங்கள் தலைமையில் பேசக் கிடைத்தது என் பேறு.

நீதியரசர் ஐயா முன்னால் நின்று வழக்குகளைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. ஆனாலும் ஐயா வாழ்நாளெல்லாம் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டவர். என்னையும் கேட்பார் என்ற துணிவில் பேசுகிறேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, நிரல்மொழிகளுக்காக நாம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறோம். இரண்டு, மென்பொருள் வழக்குகள் உண்மையில் எதைத் தீர்த்து வைத்தன. மூன்று, நாம் எழுதிய நிரல்களைப் படித்துப் பழகியே வளர்ந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும். எல்லாவற்றுக்கும் நடுவே ஓடும் சரடு ஒன்றுதான்: உரிமம், அதாவது நம் நிரலை அடுத்தவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுக்கும் அனுமதி.

முதல் செய்திக்கு வருகிறேன். மொழிச் சண்டையை நான் இழிவாகப் பேச மாட்டேன். பத்து ஆண்டு ஒரு மொழியில் எழுதிய கைக்கு அந்த மொழி வெறும் கருவி இல்லை. அதில்தான் அந்த மனிதர் யோசிக்கவே செய்கிறார். அதைக் குறை சொன்னால் தன் அறிவைக் குறை சொன்னதாகத்தான் அவருக்குப் படும். கோபம் வரத்தான் செய்யும். பைதான் மொழியை உருவாக்கி 1991-இல் வெளியிட்டவர் கீடோ வான் ராசம். முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து எழுதும் ஒரு சிறு குறியீட்டை மொழியில் சேர்க்கலாமா கூடாதா என்று 2018-இல் ஒரு சண்டை மூண்டது. கடைசியில் அவர் சேர்ப்பதென்றுதான் முடிவு செய்தார். ஆனால் அந்த ஜூலையில், ஒரு மாற்றத்துக்காக இவ்வளவு போராடி, இவ்வளவு பேருடைய வெறுப்பையும் சுமக்க இனி விருப்பமில்லை என்று சொல்லித் தலைமையிலிருந்து விலகிக்கொண்டார். இரண்டே எழுத்துக் குறியீடு! மொழியைப் பெற்ற தகப்பனே வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையமான கருநிரலில் ரஸ்ட் என்ற மொழிக்கு 2022 டிசம்பரில் இடம் கிடைத்தது. அதை முன்னின்று நடத்திய பராமரிப்பாளர்களில் ஒருவர் 2024-இல் மனம் சலித்து வெளியேறினார். அவரைச் சலிக்க வைத்தது தொழில்நுட்பச் சிக்கல் அல்ல, பேச்சுதான்.

நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள்: ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இந்தப் பழமொழியை நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்கிறேன், இன்றைக்கும் பலமுறை சொல்வேன். ஏனென்றால் இது என் கண்ணெதிரே நடந்தது.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கிடங்கு இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருள் ஒன்றைப் பராமரித்தோம். குழுவில் ஒன்பது பேர். பழைய நிரலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது என்று முடிவானது. எந்த மொழியில்? அங்கேதான் பிடித்தது சனி. நான்கு பேர் ஜாவா கட்சி. நான்கு பேர் பைதான் கட்சி. நான் பைதான் பக்கம். வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் எங்கள் வாதம், அந்தப் பக்கம் அவர்கள் வாதம். இரவு நாங்கள் எழுதிவைப்போம், காலையில் வந்து பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்பு மையில் மறுப்பு எழுதியிருக்கும். வேகம் பற்றி ஒருவன் சோதனை செய்து எண் கொண்டுவந்தால், சோதனையே தவறு என்று இன்னொருவன் வேறு எண் கொண்டுவருவான். பள்ளியிலிருந்தே ஒன்றாக வளர்ந்த இரண்டு நண்பர்கள் மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்படியே மூன்று வாரம்.

ஒன்பதாவது ஆள் எங்கள் குழுவில் மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. அந்த மூன்று வாரத்தின் நடுவில் ஒருநாள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார். நான்கே வரி. நாம் ரசீது அச்சிடப் பயன்படுத்தும் கூறு வெளியிலிருந்து வாங்கியது, நாம் படித்துத் திருத்தக்கூடிய அதன் மூலநிரல் நம் கையில் இல்லை, விற்ற நிறுவனத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி உடனே கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. அன்றைக்கு நான் ஜாவாவுக்கு எதிராக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசீது வருவது நின்றது. திரையில் ஒரே ஒரு வரி: "உரிமம் காலாவதியானது." பதினொரு கிடங்குகளில் லாரிகள் சரக்கோடு நிற்கின்றன, ரசீது இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. ஒரு தம்பி, "கணினியின் தேதியைப் பின்னால் தள்ளிவைத்தால் ஓடும்" என்றான். அக்கா, "ரசீதில் எந்தத் தேதி விழும்?" என்று கேட்டார். அவன் அமைதியாகிவிட்டான். புதிய முதலாளிகளைத் தேடிப் பிடித்துப் பேசினோம். அந்தப் பொருளை நிறுத்திவிட்டார்களாம், இனி யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லையாம். பணம் தருகிறோம் என்றோம். எவ்வளவு கொடுத்தாலும் இல்லை என்றார்கள். எங்கள் வட்டில்தான் அந்த நிரல் இருக்கிறது, எங்கள் கணினியில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கு நாங்கள் உரிமைக்காரர்கள் இல்லை. ஓடாதே என்று எங்கிருந்தோ ஒருவர் சொன்னால் அது ஓடாது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! நாங்கள் ஒன்பது பேர்தான் ஊர். மூன்று வாரம் இரண்டுபட்டுக் கிடந்தோம்.

எப்படித் தப்பினோம்? அக்காதான் ஒரு கட்டற்ற மென்பொருள் நூலகத்தை, அதாவது எடுத்து மாட்டிக்கொள்ளத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பை, கண்டுபிடித்தார். கோப்புறையைத் திறந்ததும் நிரலைப் பார்க்கவில்லை, உரிமக் கோப்பைத் திறந்தார். திரையில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். "பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். எவரும் திரும்பப் பிடுங்க முடியாது. வாருங்கள், வேலையைப் பார்ப்போம்" என்றார். நான்கு நாளில் பழைய கூறைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். அது சி மொழியில் எழுதியது. ஜாவாவும் இல்லை, பைதானும் இல்லை. அந்த நான்கு நாளில் மொழியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு அந்த நண்பர்கள் இருவரும் ஒரே விசைப்பலகையில் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து நான் நிரலைப் படிக்கும் முன் உரிமத்தைப் படிக்கிறேன்.

இனி வழக்குகள். 1992-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உரிமை பற்றி, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி-யின் துணை நிறுவனம், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழிவந்த பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1994-இல் சமரசம். சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றுக்காக இரண்டு ஆண்டு ஒரு நல்ல இயங்குதளத்தைத் தொடவே எல்லோரும் அஞ்சினார்கள். அந்த இடைவெளியில்தான் லினக்ஸ் வளர்ந்தது. 1992-இலேயே அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் கொண்டுவந்திருந்தார். 2003-இல் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாகச் சொல்லி ஐபிஎம் மீது பாய்ந்து 100 கோடி டாலர் கேட்டது. பிறகு அதை 500 கோடியாக உயர்த்தியது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களும் பணம் கட்ட வேண்டும் என்று மிரட்டியது. யூனிக்ஸ் பதிப்புரிமையே அவர்களிடம் இல்லை, நாவெல் நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று பிறகு தீர்ப்பாயிற்று. ஐபிஎம் வழக்கு 2021-இல் 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர் சமரசத்தில் முடிந்தது. கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, போனது 18 ஆண்டு! யாருக்குக் கொண்டாட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாரும் அறிந்தது ஆரக்கிள் – கூகுள் வழக்கு. 2010-இல், ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கிய ஆரக்கிள், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இயங்குதளத்துக்காகக் கூகுள்மீது வழக்குப் போட்டது. சண்டை எதைப் பற்றி? இரண்டு எண்களில் பெரியதைத் தரும் 'மேக்ஸ்' என்ற சிறு செயல்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர், எதை வாங்கும், எதைத் தரும் என்பது அறிவிப்பு. உள்ளே எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது வேறு. இப்படிப்பட்ட அறிவிப்புகள் சேர்ந்ததைத்தான் இடைமுகம் என்கிறோம். உள்ளே இருப்பதைக் கூகுள் பெரும்பாலும் தானே எழுதியது. அறிவிப்புகளை மட்டும் ஜாவாவின் 37 தொகுப்புகளிலிருந்து, ஏறக்குறைய 11,500 வரிகள், அப்படியே எடுத்தது. ஜாவா பழகியவர்கள் பழகிய பெயராலேயே கூப்பிடட்டும் என்பதற்காக.

விசாரித்த நீதிபதி வில்லியம் ஆல்சப்பை நான் மனதார வணங்குகிறேன். ஒன்பது வரிச் செயல்கூறு ஒன்றைத் திருடியதாக ஆரக்கிள் தரப்பு அழுத்தி வாதாடியபோது, இதைப் போல நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன் என்றார். நிரல் எழுதத் தெரிந்த நீதிபதி! இடைமுகத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2012-இல் அவர் சொன்னார். மேல்முறையீட்டில் 2014-இல் அது மாறியது. 2016-இல் நடுவர் குழு கூகுளின் பக்கம். 2018-இல் மறுபடி ஆரக்கிளின் பக்கம். 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–2 என்ற கணக்கில் அது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும் பயன்பாடு, என்று முடித்தது. இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற மூலக் கேள்வியை மட்டும் தொடாமலே விட்டுவிட்டது. ஐயா அவர்களே, பத்து ஆண்டு வழக்காடியும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லையே!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. ஜாவாவை சன் நிறுவனம் 2006-இலேயே ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடத் தொடங்கியிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் கூகுள் அந்தத் திறந்த ஜாவாவுக்கே மாறிக்கொண்டது. தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே வழி ஒன்று திறந்தே கிடந்தது, உரிமக் கோப்பின் வடிவில்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தானா உரிமம்? இல்லை. பொம்மை ரயில் ஓட்டும் மென்பொருளைப் பொழுதுபோக்காக எழுதி, உரிமத்தோடு இலவசமாகக் கொடுத்தார் ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளர். ஒரு வணிக நிறுவனம் அவர் பெயரை நீக்கிவிட்டு அதை எடுத்துக்கொண்டது. 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவசமாகக் கொடுத்த உரிமத்தின் நிபந்தனையும் நிபந்தனைதான், மீறினால் பதிப்புரிமை மீறல் என்றது. பணம் வாங்காமல் கொடுத்தவனுக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றமே சொன்ன நாள் அது. அந்த நாளை நாம் கொண்டாட வேண்டும்.

இங்கேதான் நான் உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். உரிமக் கோப்பு வைக்காமல் பொதுவெளியில் போட்டுவைத்த நிரல் எல்லோருக்கும் சொந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு! பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய அந்தக் கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. நீங்கள் அனுமதி எழுதிக்கொடுக்காதவரை அடுத்தவர் அதைப் படியெடுக்கவோ மாற்றவோ சட்டம் இடம் கொடுக்காது. அன்போடு பகிர்ந்தோம் என்று நீங்கள் நினைப்பது, நாணயமாக நடக்கிறவருக்குப் பூட்டிய கதவு. நிபந்தனை மிகக் குறைந்த எம்ஐடி என்ற உரிமம் ஒரு பக்கம்கூட வராது, படிக்க இரண்டு நிமிடம். ஆனால் என் கட்சி ஜிபிஎல். எடுத்துக்கொண்டவர் தான் மாற்றியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்று கட்டிப்போடுவது அதுதான். எது வேண்டுமானாலும் வையுங்கள். வைக்காமல் விடாதீர்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றேன். ரஸ்டா சியா, ஜாவாவா பைதானா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுங்கள், நானும் வந்து கலந்துகொள்கிறேன். அதற்கு முன் இரண்டு கட்சியும் அவரவர் நிரலில் உரிமத்தை எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.

அம்மையார் மணியைப் பார்க்கிறார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். நம் நிரலைப் படித்த இயந்திரம் நம் உரிமத்தை மதித்ததா என்ற வழக்குகள் தொடங்கிவிட்டன. அது தனியாக ஒரு மாலை பேச வேண்டிய பொருள். செயலாளர் தம்பி மறுபடி அழைத்தால் வந்து பேசுகிறேன்.

பின்வரிசை மேசையில் ஐந்து உரிமங்களின் வாசகத்தை அச்சிட்டு வைத்திருக்கிறோம். வரிக்கு வரி தமிழில் விளக்கமும் இருக்கிறது. சகோதரி நன்றியுரை முடித்ததும் நான் அங்கேதான் இருப்பேன். உரிமம் எழுதாத நிரல் வைத்திருப்பவர்கள் மடிக்கணினியோடு வாருங்கள், உட்கார்ந்து சேர்த்துவிட்டே போகலாம். மண்டபத்தை ஒன்பது மணிவரை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். வணக்கம்.