கத்தரிக்காயும் ஒரு தலைப்புதான்

நேயர்களுக்கு வணக்கம்.

"படம் வரையத் தெரியுமா?" என்று யாரைக் கேட்டாலும், "ஸ்கூல்ல வரைஞ்சதோட சரி" என்பார்கள். அந்தப் பள்ளிக்கூடப் படம் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். மலையைக் கண்ணால் பார்த்திராத நாகப்பட்டினத்துப் பிள்ளையும் இதைத்தான் வரையும். ஊட்டியில் வளர்ந்த பிள்ளையும் இதைத்தான் வரையும்.

இப்போது ஊருக்கு ஊர் பொழுதுபோக்கு ஓவியக் குழுக்கள் வந்துவிட்டன. பணி ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு காலையில் கூடுகிறார்கள். நூலகத்து மாடி, பள்ளி வகுப்பறை, எங்கே இடம் கிடைத்தாலும் சரி. என்னைக் கேட்டால் இதற்குச் சிறந்த இடம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். நீள மேசை இருக்கும், பக்கவாட்டில் ஜன்னல் இருக்கும், கை கழுவும் குழாய் வரிசையாக இருக்கும். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் குழுக்களில் ஒவ்வொரு கூடுகைக்கும் ஒரு தலைப்பு வைப்பது வழக்கம். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தத் தலைப்பைப் பற்றித்தான். 'இயற்கை' என்று தலைப்புக் கொடுங்கள், அறுபது வயதுக்காரரும் அந்த இரண்டு மலையையும் சூரியனையும் வரைந்து வைப்பார். 'தாய்மை', 'அமைதி' என்று கொடுத்தால் செல்போனை எடுத்து, யாரோ வரைந்ததைத் தேடிப் பார்த்து வரைவார்கள். தலைப்பு விரிய விரியப் படம் பழசாகும். தலைப்பு மேசைமேல் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதை இந்த உரையில் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைக்கக்கூடிய தலைப்பு.

உதாரணத்துக்குக் கத்தரிக்காய். சிரிக்க வேண்டாம். நீர்வண்ணத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி ஒரு கத்தரிக்காய்க்குள் இருக்கிறது.

முதலில் காயைத் தேர்ந்தெடுப்போம். வரிக் கத்தரி வேண்டாம், பளபளப்பும் வரியும் சேர்ந்து புதியவர்களைத் திணறடிக்கும். ஒரே நிறமாக மினுங்குகிற ஊதாக் காய் வாங்குங்கள். வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. காம்பில் முள் இருப்பதால் கோட்டுக்கும் வேலை கிடைக்கும். நாலு பேருக்கு ஒரு காய் போதும். ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி மேசையைப் போடுங்கள், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் ஒரே காய்க்கு மூன்று நிழல் விழும். அப்புறம் எதை வரைவது?

காகிதம் 300 ஜி.எஸ்.எம். கனத்தில், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையில், லேசான சொரசொரப்போடு இருக்க வேண்டும். 22-க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் ஏழரைக்குப் பதினொன்று என்ற அளவில் எட்டுத் துண்டு கிடைக்கும். இரண்டரை மணி நேரக் கூடுகைக்கு இதைவிடப் பெரிய தாள் வேண்டாம். 150 ஜி.எஸ்.எம். டிராயிங் தாளில் வரையலாமே என்பார்கள். தண்ணீர் பட்டதும் அது அலை அலையாக எழும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு வரையத் தெரியவில்லை என்று ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவார். குறை தாளில் இருக்கிறது. தாளின் நாலு ஓரத்தையும் அட்டையில் மாஸ்க்கிங் டேப் போட்டு ஒட்டி, அட்டையின் மேல் ஓரத்துக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவையுங்கள். அந்தச் சாய்வு போதும், வண்ணம் தானாகக் கீழே இறங்கும்.

காயின் ஊதாவுக்கு வண்ணம் மூன்றுதான். அல்ட்ராமரின் நீலம், கிரிம்ஸன் சிவப்பு, பர்ன்ட் சியென்னா என்கிற செம்பழுப்பு. காம்புக் குல்லாவின் பச்சைக்கு மட்டும் நீலத்தோடு கலக்கக் கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள். 'வயலட்' என்று தனி டியூப் இருக்கிறதே என்பார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கத்தரிக்காயின் ஊதா ஓரிடத்தில் நீலமாகச் சாயும், ஓரிடத்தில் சிவப்பாகச் சாயும். டியூப்பிலிருந்து வரும் ஊதாவுக்கு அந்தச் சாய்வு கிடையாது. டியூப்பின் முதுகைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். நிறமியின் குறியீடு பொடி எழுத்தில் இருக்கும். அல்ட்ராமரினுக்குப் பி.பி. 29. கிரிம்ஸனில் பி.ஆர். 83 என்று போட்டிருந்தால் அது வெளிச்சத்தில் மங்குகிற பழைய அலிசரின். பயிற்சிக்குப் பரவாயில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஒன்று தூரிகை கழுவ, இன்னொன்று கலக்க. ஒரே டம்ளர் வைத்தால் அரை மணியில் எல்லா நிறமும் சாக்கடை நிறமாகிவிடும்.

இனிக் காயைப் பாருங்கள். மேலே ஒரு வெள்ளைப் பளபளப்பு இருக்கிறதல்லவா? கற்பனையில் வரைபவர்கள் அங்கே வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். உற்றுப் பாருங்கள், அது உங்கள் ஜன்னல். காயின் வளைவுக்கு ஏற்ப வளைந்த ஜன்னல். சில சமயம் நடுக்கம்பிகூடத் தெரியும். அதன் ஒரு விளிம்பு வெட்டினாற்போல இருக்கும், மறு விளிம்பு கரைந்து போகும். இதைப் பார்த்துவிட்டால் அன்றைய கூடுகையில் பாதி முடிந்தது.

எச்.பி. பென்சிலால் மெல்லக் கோடு போடுங்கள். பளபளப்பைச் சுற்றி மட்டும் அழுத்தக்கூடாது. ஊதா வண்ணம் மற்ற கோட்டையெல்லாம் மூடிவிடும், வெள்ளையாக விட்ட இடத்தைச் சுற்றிய கோடு மட்டும் வெட்ட வெளிச்சமாக நிற்கும். முதல் பூச்சு நீர்மோர்ப் பதம், இரண்டாவது தயிர்ப் பதம். நீலத்தையும் சிவப்பையும் கலந்து, பளபளப்பையும் காம்புக் குல்லாவையும் விட்டுவிட்டு, காய் முழுக்க எட்டாம் நம்பர் வட்டத் தூரிகையால் ஒரே மூச்சில் பூசுங்கள். கலவையைத் தேவைக்குமேல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி அமையாது, அதைத் தேடுகிற நேரத்தில் பூசின இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஈரம் இருக்கும்போதே பளபளப்பின் ஒரு விளிம்பைச் சுத்தமான, பிழிந்த தூரிகையால் தடவிவிடுங்கள். ஒரு விளிம்பை மட்டும்.

இப்போது எழுந்து போய் டீ குடியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. குழு நடத்துகிறவர்கள் டீயை முதல் பூச்சு முடிந்த கணத்தில் வைக்க வேண்டும். பதினோரு மணி, பதினொன்றரை என்று கடிகாரம் பார்த்து வைப்பதில் பலனில்லை. நீர்வண்ணப் படங்கள் கெடுவது பெரும்பாலும் அரை ஈரத்தில் கை வைப்பதால்தான். தாளில் மினுமினுப்புப் போய்க் காயாமல் இருக்கிற நேரத்தில் ஒரு சொட்டு நீர் பட்டாலும், அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் சிலுப்பிய கறையாக விரியும். காலிஃப்ளவர் என்று அதற்குப் பெயர். அதைச் சரிசெய்கிறேன் என்று இன்னொரு சொட்டு வைப்பார்கள், காலிஃப்ளவர் இரண்டாகும். கை சும்மா இராது, அதனால் கையில் டீ டம்ளரைக் கொடுத்துவிட வேண்டும்.

காய எவ்வளவு நேரம்? சாதாரண நாளில் பத்து, பதினைந்து நிமிடம். ஐப்பசி மழையில் அரை மணி ஆனாலும் தாள் சில்லென்றே இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு, தூரிகை அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடும். இதில் மின்விசிறி வேறு. விசிறி இல்லாமல் ஆள் உட்கார முடியாது, விசிறிக்கு நேர் கீழே வண்ணம் பூசவும் முடியாது. பூசுகிற ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, டீக்குப் போகும்போது போட்டுவிடுங்கள். ஹேர் டிரையர் கொண்டுவருபவர்கள் முழத் தூரத்தில் பிடியுங்கள். பக்கத்தில் பிடித்தால் ஈர வண்ணம் ஊதப்பட்டு ஓடும், டேப்பின் பசை இளகித் தாளோடு பெயர்ந்து வரும்.

திரும்பி வந்ததும் தயிர்ப் பதம். நிழல் பக்கம் மட்டும். கறுப்பு வண்ணத்தைத் தொடாதீர்கள். அதே ஊதாவில் கொஞ்சம் செம்பழுப்பு கலந்தால் கத்தரிக்காயின் இருட்டு வந்துவிடும். கறுப்பு போட்டால் காய் அழுகினது மாதிரி இருக்கும். ஆனால் நிழலை விளிம்பு வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். காயின் அடியில், மேசைக்குச் சற்று மேலே, மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று இருக்கும். மேசைவிரிப்பில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் அது. விரிப்பு மஞ்சளாக இருந்தால் அந்தக் கீற்று பழுப்பாகத் தெரியும். அதை விட்டுவைத்தால்தான் காய் உருண்டையாகும். பச்சைக் குல்லாவைக் கடைசியில் போடுங்கள், ஊதா நன்றாகக் காய்ந்த பிறகு. அவசரப்பட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஓடிப் பழுப்பாகிவிடும். குல்லாவின் இதழைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், வெயில் படாத அந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பை ஒரு கோடாக விட்டவர் படத்தில் மட்டும் காய் உண்மையாக இருக்கும்.

கத்தரிக்காய்க்கே இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. மற்ற தலைப்புகளை வேகமாகச் சொல்கிறேன்.

வெள்ளை. ஒரு முட்டை, ஒரு பீங்கான் கோப்பை, மடித்த வேட்டி. வெள்ளை வண்ணம் கிடையாது, தாள்தான் வெள்ளை. வெள்ளைப் பொருளின் நிழல் நாம் நினைப்பதைவிட மூன்று மடங்கு இருட்டு என்று நம்பவைப்பதற்கே அன்றைய கூடுகை சரியாகப் போகும். அல்ட்ராமரினும் செம்பழுப்பும் கலந்த சாம்பல் போதும். பின்புலத்தைப் பூசாமல் விட்டால் முட்டை தாளோடு தாளாக மறைந்துவிடும்.

பச்சை. ஆனால் பச்சை டியூப்புக்குத் தடை. ஒரு வாழையிலைத் துண்டை மேசைமேல் வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மேசைமேல். அல்ட்ராமரினோடு எலுமிச்சை மஞ்சள் சேர்த்தால் மங்கின பச்சை வரும், ஏனென்றால் அந்த நீலத்துக்குள் சிவப்புச் சாயல் இருக்கிறது. தாலோ என்கிற பச்சைச் சாயல் நீலத்தோடு சேர்த்தால் கண்ணைக் குத்துகிற பச்சை, அதை அடக்கத் துளி செம்பழுப்பு. இலையின் முதுகில் சாம்பல் பூத்தாற்போல இருக்கும், அதையும் திருப்பிப் போட்டு வரையுங்கள். இலை சுருளாமல் இருக்க அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று நாலு தலைப்பு முடிந்த பிறகு வெளியே போகலாம், கோயில் மண்டபத்துத் தூண், மீன்பிடிப் படகு என்று. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். வெளியிலும் தலைப்பு குறுகலாகவே இருக்கட்டும். 'கோயில்' வேண்டாம், 'ஒரு தூணின் அடிப்பாகம்' போதும்.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார். முடிவில் படங்களைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்தையும் சுவரோரம் தரையில் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள், இருட்டு போதாத இடம் உடனே தெரிந்துவிடும். வரைந்தவர்தான் முதலில் பேச வேண்டும், எங்கே சிக்கிக்கொண்டேன் என்று. "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்வதற்குத் தடை போடுங்கள். முக்கியமான விதி இன்னொன்று. "குடுங்கம்மா, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று அடுத்தவர் தாளில் யாரும் தூரிகை வைக்கக்கூடாது, எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு துண்டுத் தாளில் காட்டட்டும்.

மழைக்காலத்தில் தாளைப் பூசணம் பிடிக்காமல் வைப்பது பற்றி... நேரமில்லை. இறுக்கி மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஈரம் ஏறின தாளில் வண்ணம் மையொற்றுத் தாளில் பட்டதுபோல் திட்டுத் திட்டாக உறிஞ்சும், அப்படியானால் அதைத் தூரிகை துடைக்க வைத்துக்கொள்ளலாம். வணக்கம்.