டிகிரியான கடனும் மஞ்சள் கடுதாசியும்

நேயர்களுக்கு வணக்கம். கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை, பெற்றுவிட்ட பிறகு, அந்தப் பணத்தை மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தீர்த்துவிட முடியுமா என்று என் அலுவலகத்திற்கு வருவோர் அடிக்கடி கேட்கிறார்கள். நீதிமன்றமே கட்டச் சொன்னபின் தப்ப வழியில்லை என்று சிலரும், ஐ.பி. என்னும் நொடிப்பு மனுவைப் போட்டுவிட்டால் எல்லாக் கடனும் ஒழிந்தது என்று வேறு சிலரும் நம்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பிற ஊர்களில் சாதாரணக் கடனாளிக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புநிலைச் சட்டம். அதன் 44-ஆம் பிரிவு, கடன் எந்த வழியில் வந்தது என்று பார்க்கிறதே தவிர, அதற்கு டிகிரி ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. புரோநோட்டின் பேரில் ஆன டிகிரி, விடுவிப்பு ஆணையோடு தீர்ந்துவிடும். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை தீரமாட்டா.

ஜீவனாம்சம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் எழுதிக் கொண்டுவந்த கடன்காரர் பட்டியலில், உரக்கடைக்கும் சீட்டு நடத்துபவருக்கும் நடுவே தம் மனைவியின் பெயரையும் பாக்கித் தொகையோடு சேர்த்திருந்தார். அது செல்லாது என்றேன். மனிதர் சட்டப் புத்தகத்தைப் புரட்டியவர் போலும். "1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு என்றுதானே ஐயா போட்டிருக்கிறது, அந்தச் சட்டமே இப்போது இல்லையே" என்று மடக்கினார். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் அந்தப் பிரிவு 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 ஆகி, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆக இருக்கிறது. ஒரு சட்டத்தை நீக்கி மறுபடி இயற்றினால், பழைய பிரிவைச் சுட்டும் இடங்களில் புதியதையே பொருத்திப் படிக்க வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் சொல்கிறது. அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நான் விடுவிப்பு ஆணை என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். மனுப் போடுவது வேறு, நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது வேறு, கடனிலிருந்து விடுவிப்பது வேறு. அறிவிப்புக் கிடைத்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் விடுவிப்புக் கேட்டு விண்ணப்பிக்காவிட்டால், 43-ஆம் பிரிவின்படி அந்த அறிவிப்பே ரத்தாகும். டிகிரிதாரர் மறுபடி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுவோடு வந்து நிற்பார். மீண்டும் சொல்கிறேன், மனுப் போட்டதால் மட்டும் எந்தக் கடனும் தீர்வதில்லை.

நேரமாகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் புதிய நொடிப்பு, திவால் சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நீதிமன்ற அபராதம், கவனக்குறைவுக்கான நஷ்டஈடு, ஜீவனாம்சம், கல்விக் கடன் ஆகியவை தீராது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் தனிநபர் பற்றிய அதன் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்திலும் ஜாமீன்தாரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடன் வாங்கியவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு, அவருக்காகக் கையெழுத்திட்ட உங்களை விடுவிக்காது. வணக்கம்.