நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவது?

[திரையில்: அயர்லாந்து வரைபடம், 1920]

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடந்த 1920 கோடையில் அயர்லாந்தின் பல ஊர்களில் இரண்டு நீதிமன்றங்கள் இயங்கின. பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்குக் கட்டடம் இருந்தது, வழக்குதான் வரவில்லை. சுதந்திரம் கேட்டவர்களின் நாடாளுமன்றமான 'டோல்' அமைத்த நீதிமன்றத்துக்குச் சொந்தக் கூரை கிடையாது. ஆனால் மக்கள் அங்கேதான் போனார்கள்.

அங்கே தீர்ப்புச் சொன்னவர் யார்? உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்! ஒரு தேவாலயப் பங்கு, அதாவது அதன் சுற்றுவட்டாரம், அளவிலான நீதிமன்றத்தில் மூன்று பேர், அதற்கு மேல் மாவட்டத்தில் ஐந்து பேர். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சுதந்திரம் கேட்ட சின் ஃபெய்ன் கட்சியின் கிளைகள், ஆயுதம் ஏந்திய தொண்டர் படை, உள்ளாட்சி மன்றம் போன்றவற்றின் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பாதிரியாரும் உட்காரலாம், பெண்களும் உட்காரலாம்.

சிக்கலும் இங்கேதான். நிலத் தகராறுகள் கொதித்த காலம் அது. தீர்ப்புச் சொல்பவர் எந்தக் குடும்பம், யாருக்குச் சம்பந்தி என்பது ஊருக்கே தெரியும். தேர்ந்தெடுத்த கூட்டமோ ஒரே அரசியல் பக்கம். ஆகவே நியமனத்தை எதிர்ப்பவர் எழுப்பும் கேள்வி எளியது: இவர் நியாயம் தெரிந்தவரா, கட்சிக்கு வேண்டியவரா? என்னைக் கேட்டால், போர் நடக்கும் ஊரில் இரண்டையும் பிரிப்பது கடினம்.

[திரையில்: மேயோ, பாலின்ரோப்]

1920 மே மாதம் பாலின்ரோப்பில் நிலத் தகராறுகளை விசாரிக்க டோல் சார்பில் வெளியிலிருந்து வந்தவர்கள் கெவின் ஓ'ஷீலும் ஆர்ட் ஓ'கானரும். ஊர்ச் சொந்தபந்தம் இல்லாததே அவர்களுக்குப் பலம். அப்படியும் தோற்றவர்கள் தீர்ப்பை ஏற்கவில்லை. தொண்டர் படையினர் அந்தத் தோற்றவர்களை ஏரித் தீவு ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள்.

[திரையில்: டப்ளின், 1922]

பிறகு, பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். இப்போது புதிய ஐரிஷ் அரசுக்கே தன் நீதிபதி தொல்லையானார். ஒப்பந்தத்தை எதிர்த்துச் சிறையிலிருந்த ஜார்ஜ் பிளங்கெட்டைக் காவலில் வைத்ததற்குக் காரணம் கேட்டு உத்தரவிட்டார் டோலின் உச்ச நீதிமன்ற நீதிபதி டயர்மிட் குரோலி. அரசு பதில் சொல்லவில்லை, நீதிமன்றத்தையே ஒழித்தது. அதைக் கண்டித்து அமைச்சர் ஜார்ஜ் கேவன் டஃபி பதவி விலகினார். குரோலியும் கைதானார். 1925-இல் அதே அரசு அந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓய்வூதியம் தரத் தனிச் சட்டமே இயற்றியது.