தண்ணீரில் விழுந்த கார்ட்லெஸ் போன்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் இருபது வருடத்துக்கு மேலாக ரேடியோ, போன் ரிப்பேர் பார்க்கிறேன். நனைந்துபோன கார்ட்லெஸ் போனை எப்படிப் பிழைக்க வைப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். என் கடைக்குக் கார்ட்லெஸ் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். டச் போன் அவர்கள் விரலுக்குப் படிவதில்லை. பெரிய பட்டன், மனப்பாடமான நம்பர், அதுதான் அவர்களுக்குச் சரி.

போன மாதம் கொசப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. திறந்தால் பச்சரிசி, அதற்குள் புதைத்த ஹேண்ட்செட். "தண்ணி டிரம்முல விழுந்துடுச்சு தம்பி. நாலு நாளா அரிசியிலதான் வெச்சிருக்கேன். ஒரு தபா லைட்டு வந்துச்சு, அப்புறம் ஒண்ணையும் காணோம்" என்றார். பின்மூடியைத் தள்ளிப் பார்த்தேன். பேட்டரி உள்ளேயே இருந்தது, நாலு நாளும்.

பதறிவிட்டேன். ஏனென்றால் போனைக் கெடுப்பது தண்ணீர் மட்டும் இல்லை. ஈரத்தோடு கரண்டும் சேரும்போதுதான் வேலை முற்றுகிறது. பேட்டரி இருக்கும்வரை ஈரத்தின் வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் கரண்ட் ஓடும் தாமிரக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்த அம்மாவின் போனைப் பிரித்தபோது பேட்டரி ஒயர் சேரும் இடத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சைப் பொடி. அதைத் தட்டிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடியளவு மெல்லிய கோடு ஒன்று நடுவில் அறுந்து கிடந்தது. ஆகவே ஹேண்ட்செட் நனைந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. ஆன் ஆகிறதா என்று பட்டனை அமுக்கிப் பார்க்கவே கூடாது.

நனைந்தது பேஸ், அதாவது டெலிபோன் ஒயர் மாட்டி ஹேண்ட்செட்டைச் சார்ஜுக்கு வைக்கும் அடிப்பெட்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு அடாப்டரைப் பிடுங்குங்கள், டெலிபோன் ஒயரையும் பிடுங்குங்கள். அந்த ஒயரில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேலேயே ஏறும், ஈரக் கையில் நன்றாக அடிக்கும். நனைந்த அடாப்டரைக் காயவைத்துத் திரும்பச் செருக வேண்டாம். அதே வோல்ட், அதே பிளஸ் மைனஸ் அடையாளம் பார்த்துப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

அரிசியில் புதைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் குண்டான் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான் போன் போர்டிலும் படிகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கேயும் போகாது. அரிசி அந்த உப்பைத் தொடக்கூட முடியாது, மாவைத்தான் உள்ளே உதிர்க்கும். கார்த்திகை மாத ஈரக்காற்றில் அந்த உப்பு மறுபடி ஈரம் வாங்கி மறுபடி அரிக்கும். "ஒரு வாரம் நல்லா பேசுச்சு, திடீர்னு போச்சு" என்று வருகிற போன்கள் எல்லாம் இந்த ரகம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது வெள்ளத்தில் நனைந்து வந்தவற்றில் சேறும் சேர்ந்திருந்தது. வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்ததைவிட, சேறு காயும் முன்னே கொண்டுவந்ததுதான் பிழைத்தது.

அதனால் நனைந்த போனை முதலில் கழுவ வேண்டும். கேட்கும்போது விநோதமாக இருக்கும். பேட்டரி இருந்த குழியில் இரண்டு ஸ்குரூ இருக்கும், சில மாடலில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஓரத்து லாக்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பழைய ஏடிஎம் கார்டு போதும். ஒயர்கள் எங்கே எது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிறோமே டிஸ்டில்டு வாட்டர், அதில் பழைய டூத் பிரஷை நனைத்துப் போர்டைத் தேய்த்தால் உப்பு கரைந்து வரும். அதன்மேல் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவினால் இடுக்கில் இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பறந்துவிடும். அது சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஸ்பீக்கர், மைக், டிஸ்ப்ளே மூன்றிலும் எதையும் ஊற்றாதீர்கள்.

கீபேட் ரப்பரைத் திருப்பினால் ஒவ்வொரு பட்டனுக்குக் கீழும் கறுப்புப் பொட்டு இருக்கும். அது கார்பன். பட்டனை அமுக்கும்போது போர்டில் பட்டு இணைப்பு கொடுப்பது அதுதான். இதை அழுத்தித் தேய்த்தால் பொட்டே போய்விடும், ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும்.

காயவைக்க நம் ஊர் மொட்டைமாடி வெயிலை நம்பாதீர்கள். மே மாதச் சூட்டில் டிஸ்ப்ளே கறுத்துவிடும், பிளாஸ்டிக் வளையும். நிழலில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் விடுங்கள்.

பேட்டரி நனைந்திருந்தால் மாற்றுவதே நல்லது. மேலே 3.6 வோல்ட் என்றோ 2.4 என்றோ அச்சடித்திருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். அளவு பொருந்துகிறதே என்று கடிகாரத்துக்குப் போடும் சாதா செல்லைப் போட்டுவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது கசிந்து, கழுவிய போர்டை மறுபடி நாசமாக்கும்.

அந்த அம்மாவின் போனுக்கு அறுந்த கோட்டின்மேல் மெல்லிய ஒயர் ஒன்றைச் சால்டர் வைத்து இணைத்தேன், பேட்டரியையும் மாற்றினேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். பேஸோடு இணைந்தால்தானே டயல் டோன் வரும்! டிஸ்ப்ளேயில் பேஸைத் தேடுவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. பேஸில் இருக்கும் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தேன். 'பீப்' என்று ஒரு சத்தம். காதில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா கையில் கொடுத்தேன். ஏழாம் நம்பர் பட்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத்தான் அமுக்க வேண்டியிருக்கிறது. "பையன் நம்பர்ல ஏழே இல்ல தம்பி" என்றார்.

வணக்கம்.