மாத்திரை கைக்கு வந்தாச்சு, பரிசோதனை எப்போது?

தலைமை தாங்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, தொகுதி வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த ஜவுளி வியாபாரிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, வார்டிலிருந்து நேராக வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, இந்த மாதம்தான் ‘உங்களுக்கு சி.எம்.எல்., ரத்தப் புற்றுநோய்’ என்று கேட்டுவிட்டுத் தூக்கம் தொலைத்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். கல்லூரி முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நாங்கள் கேட்டதும் புறநோயாளிப் பிரிவில் நமக்கென்று தனி வரிசை போட்டுக் கொடுத்தார்.

இன்று செப்டம்பர் 22, உலக சி.எம்.எல். தினம். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதால் வரும் நோய் என்பதால் ஒன்பதாம் மாதம் 22ஆம் தேதி. நீங்கள் செய்த பாவமும் இல்லை, தொற்றும் இல்லை. 2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. அதன் பிறகு இந்த நோயோடு பல்லாண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். நானும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவன்தான்.

மாத்திரையைப் பற்றியும், அதோடு சேர்ந்த ஒரு பரிசோதனையைப் பற்றியும் பேச வந்தேன். முதலில் மாத்திரை. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கலாம், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார் எங்கள் அம்மாச்சி.

எங்கள் தெருவில் ஒரு தம்பி, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இடது விலாவுக்குக் கீழே கனக்கிறது, நாலு வாய் சோறு இறங்கவில்லை என்றான். வாயு என்று வீட்டில் இஞ்சிக் கஷாயம், பூண்டுப் பால், கடைசியில் மந்திரித்த தாயத்து. கனத்தது மண்ணீரல்! ரத்தம் பார்த்தால் வெள்ளணு இரண்டு லட்சத்துக்கு மேல். அப்பா நிலத்தை விற்கக் கிளம்பினார், அத்தை தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார். மாத்திரை தொடங்கிச் சில மாதத்தில் எண்ணிக்கை இறங்கியது, வயிற்று வீக்கம் வடிந்தது, பையன் பழையபடி இரண்டு ஷிப்ட் பார்த்தான். ‘சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?’ என்று தங்கச்சி கல்யாண அலைச்சலில் விட்டுவிட்டான். யாரோ கொடுத்த இலைப்பொடியை நம்பினான். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனையைப் பார்க்கச் சொன்னபோதும் சென்னைக்குப் போகணும், ஒருநாள் கூலியும் போய்ப் பரிசோதனைக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்று தள்ளிப்போட்டான். அப்புறம் எண்ணிக்கை மறுபடி ஏறி, வேறு மாத்திரைக்கு மாற வேண்டியதாயிற்று. இன்று வேலைக்குப் போகிறான். ஆனாலும் அந்த ஆண்டு அவன் அம்மா அழுத அழுகை தெருவுக்கே தெரியும்.

இதைத்தான் நான் கேட்க வந்தேன். சாதாரண ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நோயணுக்கள் உள்ளே மிச்சமிருக்கும். அதைக் காட்டுவது பி.சி.ஆர். முதல் வருடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். இலவசமாக மாத்திரை கொடுத்து, பரிசோதனைக்கு நோயாளியை அலையவிடுவது எந்த ஊர் நியாயம்? நம் அரசு மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்து, எங்கு வேண்டுமானாலும் அனுப்பி, முடிவை இங்கே வரவழைத்துக் கொடுக்கட்டும்.

நடக்காது என்று சொல்லாதீர்கள். கிளிவெக் என்ற பெயரில் மாதம் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற அதே இமாட்டினிப் மருந்துக்கு 2006இல் காப்புரிமை மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். நோயாளிகளுக்கான ஒரு சங்கமும் அந்த வழக்கில் விடாமல் நின்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. நம் நாட்டுக் கம்பெனிகளின் மலிவு மாத்திரைக்கு வந்த ஆபத்து நீங்கியது. அடிமேல் அடி, அம்மி நகர்ந்தது.

சாப்பாட்டைப் பற்றி அடுத்துப் பேசும் டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். நோயாளி மட்டுமல்ல, கூட வந்தவர்களும் கையெழுத்துப் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, முதல் கையெழுத்துக்கான இடத்தை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறோம்.